அரக்கு ஓடும் மாதங்கள்

அக்கா வீட்டுச் சாயப்பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவனிடம் முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். கொதிக்கிற அண்டாவில் கை விடாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை அவன் தானாகவே கற்றுக்கொள்வான். சொல்வது இதுதான்: "வூட்டுக்குப் போயி ஒண்ணுக்குப் போனா கலரா வரும். பயந்துடாத. சாயம்தான் அது."

சொல்பவர் மாமா, அக்காவின் கணவர். அவர் வேலைக்கு வந்த நாளில் அவருடைய அப்பா அவருக்குச் சொன்னது. சொல்லும்போது சிரிப்பார். கேட்பவனும் சிரிப்பான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சிமென்ட் ஷீட் கூரை, விறகு அடுப்புகள், அவற்றின் மேல் செம்பு அண்டாக்கள். பட்டு நூல் கற்றைகளை மூங்கில் கம்பில் மாட்டி, அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று, சாயத்தில் முக்கித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். ஆவி நேராக முகத்தில் அடிக்கும். சுவர் ஆணியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டால் நூல் எவ்வளவு சாயம் குடித்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது என்பார்கள். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் அன்றைய நிறம் இருக்கும். துப்பினால் எச்சிலில் இருக்கும்.

மாமாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கம்பு திருப்புகிறவர் மாகறல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். மாமாவை விட இளையவர், வாய் ஓயாது. "மூக்கச் சிந்திப் பாத்தா போதும்ணே, இன்னா ஆர்டருன்னு தெரிஞ்சிரும்" என்பார். ஒருமுறை அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது கைக்குட்டையை விரித்துக் காட்டி, "மயில் கழுத்துக் கலரு. கடையில இந்த ஷேடு கெடைக்காது" என்றார். அக்கா வீட்டுக்குள்ளிருந்து "கர்மம், கர்மம்" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பட்டறைத் தண்ணீர் தெருக் கால்வாயில் ஓடுகிறது. ஓடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அதன் நிறத்தைப் பார்த்தே தெருக்காரர்கள் பருவம் சொல்வார்கள். ஐப்பசி தொடங்கி அரக்கு ஓடும். தை, மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்கான நூல் அது. கூறைப் புடவை என்றால் இங்கே இன்னும் சிவப்பு வகைதான்: அரக்கு, குங்குமச் சிவப்பு, ரத்தச் சிவப்பு என்றே ஒன்று. அந்த மாதங்களில் கால்வாயைத் தாண்டுகிற வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் பத்திரிகை வேலையில் இருக்கிறேன். இப்போது ஒரு நாளிதழின் மருத்துவப் பக்கத்தை வீட்டிலிருந்தே தொகுக்கிறேன். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. புற்றுநோய் பற்றிய செய்தி இல்லாமல் அந்தப் பக்கம் வெளிவந்த வாரங்கள் குறைவு. ஒரு சொட்டு ரத்தத்தில் பல புற்றுநோய்களைத் தேடும் சோதனை, பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுக்கான தடுப்பூசி, செல்போனில் எடுத்த வாய்ப் படத்தைக் கணினியே பார்த்துச் சந்தேகம் சொல்லும் முறை. இந்தச் செய்திகளில் நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லை. 'குணமாக்குகிறது' என்று வந்திருந்தால் மூலத்தைத் தேடிப் படிப்பேன். பெரும்பாலும் அங்கே 'கூடும்' என்றுதான் இருக்கும். 'கூடும்' என்று திருத்தி அனுப்புவேன். தலைப்பு போடுகிறவர் அதை மறுபடி எடுத்துவிடுவார்.

ஒரு கார்த்திகை மாதம் வந்த கட்டுரை சிறுநீர்ப்பைப் புற்றைப் பற்றியது. சிறுநீரிலேயே கட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் புதிய சோதனைகள் ஆய்வில் இருக்கின்றன என்பது செய்தி. கடைசிப் பத்தியில், இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படும் பத்தியில், இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இந்த நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் போகும் ரத்தம். புகைப்பவர்களுக்கும், சில வகைச் சாயங்களோடு நெடுங்காலம் வேலை செய்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

இதை நான் இருமுறை படித்தேன். பிறகு சன்னலைத் திறந்தேன். அங்கிருந்து கால்வாய் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா மதியம் வரை அண்டாவில் நின்றுவிட்டுக் குளித்து வந்து உட்கார்ந்தார். குளித்தும் விரல் நுனிகள் சிவப்பாகவே இருந்தன. அந்த விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணுக்குக் கலரா வருதா?"

"சாப்புடுற எடத்துல இன்னாடா கேள்வி இது?" என்றாள் அக்கா.

"வரும். ஏன் வராது? அரக்கு ஓடுதில்ல" என்றார் மாமா.

"அது அரக்குதான்னு எப்பிடித் தெரியும்?"

மாமா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "இன்னா மச்சான், பேப்பர்ல இன்னா போட்டுக்கினாங்க?"

சொன்னேன். கட்டுரையில் இருந்ததை மட்டும், இருந்த அளவுக்கு மட்டும் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா கேட்டுக்கொண்டே ரசம் விட்டுக்கொண்டார்.

"நாளைக்கே ஒரு டெஸ்ட் கொடுத்துடலாம் மாமா. சின்ன டப்பா. அவ்ளோதான்."

"இப்பக் குடுத்தா எப்பிடிச் சரியா வரும்? உடம்பு பூரா அரக்கு ஓடிக்கினு இருக்குது. லேப்காரன் கலரப் பாத்துட்டு ரத்தம்னு எழுதிக் குடுத்துருவான். அப்புறம் இவ அழுவா, நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா சுத்த வைப்ப." கையைக் காட்டினார். "ஈரத்துல கலர் சொல்லக் கூடாது மச்சான். காயணும். வெளிச்சத்துல பாக்கணும்."

இதுதான் அவருடைய தொழிலின் முதல் விதி. ஈர நூலில் எந்த நிறமும் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். அலசி, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நிறம் ஒத்திருக்கிறது, ஒத்துவரவில்லை என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டுச் சொன்ன சாயக்காரன் பட்டைக் கெடுத்தவன். அந்த விதியை அவர் தன் உடம்புக்கும் வைத்துக்கொண்டார். சோதனைச் சாலையில் ரத்த அணுக்களை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள், நிறத்தை வைத்துச் சொல்வதில்லை என்றேன். "அவனும் கண்ணாலதான பாக்கறான்" என்றார்.

வழி சொன்னது அக்காதான்.

"பச்சை ஓடட்டும்" என்றாள். "பச்சை ஆர்டர் வரும்ல, அப்பப் பாக்கலாம். பச்சை ஓடும்போதும் செவப்பா வந்துச்சுன்னா, இவர நான் இழுத்துக்கினு போறேன்."

மாமா சிரித்தார். "பச்சையா வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா இவன் வாயே தொறக்கக் கூடாது."

அப்படி ஒப்பந்தம் ஆயிற்று.

ஆனால் அந்த வருடம் பச்சை வரவில்லை. மார்கழியிலும் அரக்கு, தையிலும் அரக்கு. புடவைக் கடைக்காரர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். விறகு தீர்ந்து மறுபடி வண்டி வந்தது. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கால்வாயைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சிவப்பு, சிவப்பு, ஒருநாள் லேசான வாடாமல்லி, பிறகு மறுபடி சிவப்பு.

இடையில் சாயத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். பட்டறையில் அது தகர டின்களிலும் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளிலும் இருந்தது. பைகளின் மேல் மார்க்கரில் நிறத்தின் பெயர் மட்டும். எங்கே செய்தது, எந்த வகை, ஒன்றும் இல்லை. பெரிய மூட்டையாக வருவதைச் சாயக் கடையில் பிரித்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். கெடுதல் என்று தெரிந்த சில சாயங்களைச் செய்யக் கூடாது என்று தடை இருக்கிறது. இந்தப் பை அந்தத் தடைக்கு உள்ளே வருகிறதா வெளியே வருகிறதா என்று சொல்லக்கூடியவர் ஒருவரையும் என்னால் காண முடியவில்லை. கடைக்காரர், "நல்லா நிக்கும் சார், போவவே போவாது" என்றார்.

வீடு வீடாக வரும் சுகாதார ஊழியர் அந்தத் தையில் அக்கா வீட்டுக்கும் வந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார். வாயில் புண் உண்டா என்று மாமாவைக் கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா என்று அக்காவைக் கேட்டார். எல்லாம் சரியாகச் செய்தார். சிறுநீரைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

அக்கா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். மாமா அண்டாவை விட்டுவிட்டு அடிக்கடி பின்பக்கம் போய் வந்தார். கம்பு திருப்புகிறவன் பாதியில் நகரக் கூடாது. "அண்ணனுக்கு இப்பல்லாம் பம்பு வேகமா ஓடுது" என்று மாகறல்காரர் கேலி செய்தார். மாமா அவர் மேல் சாயத் தண்ணீரைத் தெளித்தார்.

சித்திரை முடிந்து ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தாள். "பச்சை வந்துருக்குது" என்றாள். யாரோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கிளிப்பச்சையில் புடவை வேண்டுமாம். பெரிய ஆர்டர். அண்டாக்களைத் தேய்த்துக் கழுவி, அரக்கு வாடையே இல்லாமல் செய்து, பச்சை ஏற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது கால்வாயில் பச்சை ஓடியது. ஒரு நாய் அதைத் தாண்டிப் போனது. அதன் பாதம் பச்சையாக இருந்தது.

அந்த வாரம் முழுதும் பச்சைதான். வாரக் கடைசியில் நான் போயிருந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா குளியலறையிலிருந்து வந்து, தோளில் துண்டோடு, எங்கள் இருவரையும் பார்த்தார். அவருடைய விரல்கள் பச்சையாக இருந்தன.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

"பச்சையா?"

"இல்ல."

"வெள்ளையா?"

மாமா உட்கார்ந்தார். "பழைய அரக்கு உள்ள ஊறிக்கினு இருக்குது போல."

அக்கா கத்தியை வைத்தாள். "சாயம் பட்டுல நிக்கும். தண்ணியில நிக்குமா? இத்தினி நாள்ல எத்தினி கொடம் தண்ணி குடிச்சிருப்ப?" அவள் அவரை ஒருமையில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. "இன்னா கலரு? சொல்லு."

மாமா சொன்னார். சாயக்காரர் பதில்தான் அது. "குங்குமச் செவப்பு இல்ல. அதுக்கும் கீழ. லேசா கருப்பு கலந்தா மாதிரி."

பச்சை நூல் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அரசு மருத்துவமனையில் சிறுநீர் கொடுத்தார், ஸ்கேன் எடுத்தார்கள், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் அவரைப் பார்த்த மருத்துவர் நிதானமானவர். என்ன வேலை என்று கேட்டார். மாமா கையை மேஜை மேல் வைத்தார். மருத்துவர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பீடி, சிகரெட் உண்டா என்றார். இல்லை என்றார் மாமா. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எப்பத்துலேந்து இப்படிச் சிவப்பாப் போகுது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"மார்கழியிலயே இருந்துச்சு சார். அது சாயம்னு..."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் அரக்கு ஓடிச்சே சார். போன வருசமும் அரக்குதான்."

"போன வருஷமும் சிவப்பாப் போச்சா?"

"அரக்கு ஓடுனா போவும் சார். எப்பவுமே போவும்."

மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தேதி இல்லாத செய்தியை நாங்கள் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். இங்கே தேதி மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. எந்த வருடத்து அரக்கில் அது தொடங்கியது, எத்தனை முகூர்த்தங்களுக்கு அது சாயமாகவே கணக்கில் எடுக்கப்பட்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

குழாய் வழியாகக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த முடிவு இரண்டு பாதியாக இருந்தது. தசைக்குள் இறங்கவில்லை என்பது நல்ல பாதி. வேகமாக வளரும் வகை என்பது மறுபாதி.

"சின்னப் பிள்ளைங்களுக்குத் தோள்ல போடுவாங்களே, காசநோய்த் தடுப்பூசி, அந்தக் கிருமியையே சிறுநீர்ப்பைக்குள்ள விடுவோம்" என்றார் மருத்துவர். "உடம்பு அதோட சண்டை போடும். அந்தச் சண்டையில கட்டி வர்றது குறையக்கூடும்."

'கூடும்' என்றார். நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மாமா சட்டைக் கையை மேலே ஏற்றித் தழும்பைக் காட்டினார். "எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சே சார்."

மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். இது திரும்பி வரும் குணமுள்ளது. குறித்த நாளில் கேமரா சோதனைக்கு வந்தே ஆக வேண்டும். நடுவில் சிவப்பாகப் போனால், ஒருதரம் போனாலும், காத்திருக்காமல் வர வேண்டும். சாயத்தால்தான் வந்தது என்று மருத்துவராக என்னால் எழுத முடியாது. ஆனால் நீங்கள் அண்டாப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கூட வேலை செய்கிறவர்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாகறல்காரரிடம் மாமாவே சொன்னார். வீட்டு வாசலில், நான் இருக்கும்போது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை. கடைசியில், "எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்லணே" என்றார்.

"எனக்கு மட்டும் வலிச்சுதா?"

"எனக்குக் கலராத்தான் போவுது. நெறைய இல்ல. சாயந்தான் அது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீதானண்ணே சொன்ன, மொத நாளு."

அவர் போன பிறகும் மாமா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாகறல்காரர் இதுவரை சோதனைக்குப் போகவில்லை. மறுபடி கேட்டால், "பச்சை வரட்டும்ணே" என்கிறார்.

மாமா சிவப்பைத் தொடுவதை விட்டார். முதலில் பட்டறையையே விடுவதாக இருந்தது. வேறு வேலை தெரியாது. சும்மா உட்காரவும் தெரியாது. ஆகவே ஒரு ஏற்பாடு. அரக்கு, குங்குமம், வாடாமல்லி எதையும் அவர் தொட மாட்டார். அந்த நாள்களில் பட்டறைக்குள்ளேயே வர மாட்டார். மஞ்சள், பச்சை, நீலம் ஓடினால் வந்து, ஆணியில் தொங்கிய கையுறையை மாட்டிக்கொண்டு, நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். மருத்துவர் சொன்னது இது இல்லை என்று நான் சொன்னேன். "செவப்பு இல்லன்னா எனக்கே தெரிஞ்சிரும் மச்சான்" என்றார். அவர் அதைப் பாதுகாப்பு என்று நினைத்தார். கண்ணை மறைத்த நிறத்தைத்தான் அவர் விட்டார். அண்டாவை விடவில்லை.

அக்கா, வீட்டுக் குளியலறையின் பழைய சிமென்ட் தரையை உடைத்துவிட்டு வெள்ளைப் பீங்கான் போட வைத்தாள். வெள்ளை ஓடு, வெள்ளை பக்கெட், வெள்ளை மக். உள்ளே போனால் கண் கூசும். தினமும் காலையில் மாமா உள்ளே போனதும் அவள் கதவுக்கு வெளியே நிற்பாள்.

"இன்னா கலரு?"

"தண்ணிக் கலரு."

இதுதான் அந்த வீட்டின் காலை வணக்கம். சில நாள் மாமா விளையாடுவார்: "மாம்பழ மஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்து!" அக்கா கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். அப்புறம் காப்பி வரும்.

கிருமி மருந்தை விட்டு முடித்த பிறகு எடுத்த முதல் கேமரா சோதனையில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. ஐப்பசி வந்தது. அரக்கு ஆர்டர்கள் வந்தன. மாகறல்காரரும் புதிதாக வந்த ஒருவரும் அண்டாவில் நின்றார்கள். புதியவரிடம் முதல் நாள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கால்வாய் மறுபடி சிவப்பாக ஓடத் தொடங்கியது. அந்த மாதங்களில் மாமா காலையில் ஐயம்பேட்டை வரை நடந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வருவார்.

நடுவில், அரக்கு கொஞ்சம் ஓய்ந்து, மஞ்சள் நூல் போட்டார்கள். மாமா இரண்டு நாள் பட்டறையில் இருந்தார். சந்தோஷமாக இருந்தார். அதற்கு மறுநாள் காலை நான் காப்பி குடிக்கப் போயிருந்தேன். அக்கா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா கலரு?"

உள்ளிருந்து பதில் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் இல்லை.

"இன்னாங்க? இன்னா கலரு?"

"ஏம்மா" என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நேத்து பட்டறையில இன்னா ஓடிச்சு? அரக்கு போட்டாங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த வாசல் வழியாகத் தெரு தெரிந்தது. கால்வாயின் ஓரத்தில் நேற்றைய தண்ணீர் காய்ந்து படிந்திருந்தது. நல்ல மஞ்சள்.